கலைச்சொல்: கார் 'ராப்பிங்', 'பிபிஎஃப்'

அன்புடையீர்,

காரின் தோற்றத்தை மாற்ற அதன் பெயின்ட்மேல் வினைல் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது 'ராப்பிங்'; பெயின்ட்டைக் காக்க ஒட்டும் தாள் 'பிபிஎஃப்' (பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்). இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் மடல்கள் இவை.

> ராப்பிங் = வாகன உறை. சுருக்கமாக இருக்கிறதே, வைத்துவிடலாமா?

சுருக்கம் சரி. ஆனால் கார் உறை என்றதும் தெருவில் நிறுத்திய வண்டியை மூடிவைக்கும் துணிதான் நினைவுக்கு வரும். ராப்பிங்கோ பசையோடு பெயின்ட்மேல் ஒட்டி, கதவு மடிப்பு, பம்பர் வளைவு எல்லாவற்றிலும் படிந்து உட்காருவது. கடைக்காரர்கள் 'ஸ்டிக்கர் ஒட்டுறது' என்கிறார்கள், பொருள் அதில்தான் இருக்கிறது.

ராப்பிங்குக்கு முன்மடலில் வந்த இன்னொரு சொல்லான 'நிறப்பூச்சு' அதைவிடச் சிக்கல். பூச்சு உரிந்தால் குறை; இதுவோ உரித்தெடுக்கவென்றே வந்தது. ஜெர்மனியில் டாக்சிக்கு ஆர்ஏஎல் 1015 என்னும் (நிறத் தர அட்டவணை எண்) இளந்தந்த நிறம்தான் என்று நெடுங்காலம் விதி. அதனால் கறுப்புக் காரை வாங்கி, தந்த நிற வினைல் ஒட்டி ஓட்டுவார்கள். விற்கும்போது உரித்துவிட்டால் டாக்சி என்ற அடையாளமே போய்விடும், நிறத்தால் விலை குறையாது.

வேதியியல் நூல்களில் 'ஃபிலிம்' என்பதற்கு ஏற்கெனவே படலம் இருக்கிறது. காப்பியத்தில் வரும் படலம் என்று யாரும் குழம்பமாட்டார்கள். ஆகவே பொதுப்பெயர் ஒட்டுப்படலம். நிறம் மாற்றும் வினைலுக்கு நிறப்படலம். கல் தெறிப்பு, கீறல் தாங்க ஒட்டும் ஒளிபுகும் பிபிஎஃப்புக்குக் காப்புப்படலம். பின்னது பாலியூரித்தேன் என்னும் நெகிழும் பிளாஸ்டிக், 0.15 முதல் 0.2 மி.மீ. தடிமன் வரும், வினைலைவிடக் கனம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளைக் காக்க ஒட்டியதுதான் இதன் மூதாதை.

————

ஐயா, வணக்கம்.

> நிறம் மாற்றும் வினைலுக்கு நிறப்படலம்.

வெள்ளைக் காரில் வெள்ளை மேட் (பளபளப்பில்லாத) வினைல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் அதேதான், பளபளப்பு மட்டும் போகிறது. கார்பன் ஃபைபர் நெசவு தெரியும் படலமும் உண்டு. இவற்றையெல்லாம் நிறப்படலம் என்பதா? 'மேனிப்படலம்' என்றால் நிறம், மினுக்கு, தொடுபரப்பு மூன்றும் அடங்கும். இன்னொரு சிக்கல்: பிபிஎஃப்பும் இப்போது மேட்டில் வருகிறது, நிறத்திலும் வருகிறது. நிறப்படலம், காப்புப்படலம் என்று நீங்கள் பிரித்த கோடு அங்கே அழிந்துவிடுகிறதே?

————

> மேனிப்படலம்

கொஞ்சம் கவிதை வாடை அடிக்கிறது, ஆனாலும் என்னுடையதைவிட நல்ல சொல். எடுத்துக்கொள்கிறேன். கோடு அழிவது உண்மைதான். பயனைப் பெயரிலும் பொருளை அடைமொழியிலும் வைப்போம்: வினைல் மேனிப்படலம், பாலியூரித்தேன் காப்புப்படலம். நிறமுள்ள பிபிஎஃப்பை 'நிறக் காப்புப்படலம்' என்றால் முடிந்தது.

வினைலில் இரு வகை உண்டு, அதை விடக்கூடாது. கரைசலாக ஊற்றி உலர்த்துவது வார்ப்புப் படலம்; இழுவிசை ஏறாததால் பெரிதாகச் சுருங்காது. உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்குவது உருளழுத்துப் படலம். மலிவு, ஆனால் இழுபட்ட நினைவு அதில் தங்கி, நாளடைவில் ஓரங்களில் சுருங்கிப் பின்வாங்கும். கடையில் விலை ஏன் அவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்பவருக்கு இந்த இரண்டு சொல்லே பாதி விடை.

சூடு பட்டால் பிபிஎஃப்பின் மேற்பூச்சில் மெல்லிய கீறல்கள் மறையும். அதற்குத் 'தன்னாறும் பூச்சு' போதும், புண் ஆறுவது மாதிரி. ஆழமாக வெட்டுப்பட்டால் ஆறாது என்பதை விளக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

மிச்சம் ஸ்குவீஜி என்னும் தட்டையான கைக்கருவி. பிபிஎஃப் ஒட்டும்போது சோப்புத் தண்ணீரை அடியிலிருந்து தள்ளி வெளியேற்றுவது அதுதான். மாவு வழிப்பதற்குச் சொல்லும் அதே வினையில் 'வழிப்பட்டை' என்று எழுதியிருக்கிறேன். 'வழி' பாதையாகவும் படிக்கப்படுமோ என்று மட்டும் தயக்கம். மாற்று இருந்தால் எழுதுங்கள்.