'டர்ன் ஆஃப் இட்' ஏன் தப்பு: விதியைச் சொல்லித் தருவதா, காதில் ஏற்றுவதா?

கரும்பலகை:
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப 'டர்ன் ஆஃப் இட்', 'பிக் அப் ஹிம்' என்று எழுதுகிறார்கள். திருத்தினால் "ஏன் சார்?" என்று கேட்கிறார்கள். "இங்கிலீஷ்ல அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று ஆசிரியர்கள் பலர் முடித்துவிடுகிறோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் இருக்கிறது, அதைச் சொல்லலாம். 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. லைட் இருந்த இடத்தில் 'இட்' வந்தால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர் தி பேபி' என்பதில் குழந்தையை 'ஹெர்' ஆக்கினாலும் 'லுக் ஆஃப்டர் ஹெர்' தான். 'லுக் ஹெர் ஆஃப்டர்' கிடையாது. முதலாவதில் 'ஆஃப்' வினையோடு சேர்ந்த ஓர் அட்வெர்ப். இரண்டாவதில் 'ஆஃப்டர்' பிரெபொசிஷன், தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்கும். இந்த வேறுபாட்டை ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம்.

காதுவழி:
சார், ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம், பிள்ளை அதை எப்படிப் பயன்படுத்தும்? 'ஓவர்' என்பது அட்வெர்பா, பிரெபொசிஷனா? 'திங்க் இட் ஓவர்' என்கிறோம். 'கெட் ஓவர் இட்' என்கிறோம். அதே 'ஓவர்'தான். பார்த்த உடனே எது எந்த வகை என்று தெரியாது. கடைசியில் ஒவ்வொரு வினையாகத்தான் கற்க வேண்டும். அப்படியிருக்க, இடையில் விதி எதற்கு? நாலு பேர் பேசுவதைக் கேட்டு, தானும் சொல்லிப் பழகினால் போதும். தமிழ் பேசும் குழந்தைக்கு வேற்றுமை உருபை யாரும் பாடம் நடத்தவில்லை.

கரும்பலகை:
தாய்மொழிக் குழந்தைக்கு நாள் முழுக்கக் காதில் விழுகிறது. நம் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது பள்ளியில் அந்த ஒரு பீரியட்தான். விதி அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

அந்த 'ஓவர்' கேள்விக்கும் பதில் இருக்கிறது. இலக்கண வகுப்புகளில் வழக்கமாகக் காட்டும் ஜோடி இது: 'ரேன் அப் எ ஹில்', 'ரேன் அப் எ பில்'. மேட்டில் ஓடி ஏறினான் என்றால் 'ரேன் அப் இட்'. கடன் கணக்கை ஏற்றிவிட்டான் என்றால் 'ரேன் இட் அப்'. மலை விஷயத்தில் 'அப்' என்பது திசை, 'மலை மேல்' என்று பெயரோடு சேர்கிறது. பில் விஷயத்தில் 'ரன்', 'அப்' இரண்டும் சேர்ந்தே ஒரு வினை. ஜெர்மனிலும் இதே குடும்ப வழக்கம் உண்டு: 'மாக் தாஸ் லிஷ்ட் அவுஸ்' என்றால் விளக்கை அணை, அந்த 'அவுஸ்' கடைசியில்தான் போய் நிற்கும்.

வைகைக்கரை:
எனக்கு இன்னொன்று கேட்க வேண்டும். புரோனவுன் அழுத்தம் இல்லாத, ஏற்கெனவே தெரிந்த விஷயம், அதனால் வாக்கியக் கடைசியில் நிற்காது என்று ஒரு விளக்கம் படித்தேன். நீளமான பகுதி பின்னால் போகும் என்று 1909-லேயே ஓட்டோ பெகாகெல் என்ற ஜெர்மன் மொழியியலாளர் எழுதியிருக்கிறார், அதோடும் இது பொருந்துவதாகப் படுகிறது. சரியா?

காதுவழி:
அது சரி என்றால் 'லுக் அட் இட்' எப்படி? 'ஐ சா இட்' எப்படி? இரண்டிலும் 'இட்' கடைசியில்தானே நிற்கிறது!

கரும்பலகை:
இது நியாயமான அடி. கடைசி இடம் பிடிக்காது என்று சொன்னால் போதாது. அழுத்தமில்லாத புரோனவுன் தனக்கு முன்னால் ஒரு வினையையோ பிரெபொசிஷனையோ பற்றிக்கொண்டு நிற்கும். 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' கிடைத்தது. 'டர்ன் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' பிரெபொசிஷன் அல்ல, அதனால் 'இட்' வினையிடமே போகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' மேல் அழுத்தம் விழும். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல்தான், 'அட்' மெலிந்து போகும். 'புட் அப் வித் இட்' என்பதும் இதனால்தான் சரி: கடைசியில் இருக்கும் 'வித்' பிரெபொசிஷன்.

பெகாகெல் சொன்னது பெயர்ச்சொல்லுக்குப் பயன்படும். எடுக்க வேண்டியது நீளமான பெயராக இருந்தால் 'பிக் அப்' இரண்டையும் பிரிக்காமல் முன்னால் வைத்து, பெயரைப் பின்னால் தள்ளுகிறார்கள்.

வைகைக்கரை:
நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். எனக்குப் பிரச்சினை வருவது வர்ணிக்கும் பிரெபொசிஷன் தொடரில். 'புட் தி பாக்ஸ் ஆன் தி டேபிள் இன் தி கிச்சன்'. மேசை மேல் இருக்கும் பெட்டியைச் சமையலறையில் வை என்பதா? பெட்டியைச் சமையலறை மேசை மேல் வை என்பதா? தமிழில் இந்தச் சிக்கலே வராது. 'மேசை மேல் இருக்கும்' என்று பெயருக்கு முன்னாலேயே ஒட்டிவிடுவோம்.

கரும்பலகை:
இங்கேதான் புரோனவுன் கை கொடுக்கும். பெட்டியை 'இட்' ஆக்குங்கள். பெட்டியை வர்ணிக்கும் தொடரையும் சேர்த்து 'இட்' விழுங்கிவிடும். முதல் பொருளில் 'புட் இட் இன் தி கிச்சன்' மட்டும் மிஞ்சும். இரண்டாவதில் 'புட் இட் ஆன் தி டேபிள் இன் தி கிச்சன்'. 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்ற பழைய உதாரணமும் அப்படித்தான்: டெலஸ்கோப் வைத்திருந்த ஆளைப் பார்த்தேனா, டெலஸ்கோப் வழியாக ஆளைப் பார்த்தேனா? 'சா ஹிம் வித் தி டெலஸ்கோப்' என்று எழுதினால், எந்த ஆள் என்று அடையாளம் காட்டும் வேலை அந்தத் தொடரிடமிருந்து போய்விடும்.

காதுவழி:
இதை ஏற்கிறேன், நல்ல சோதனை. ஆனால் இதே காரணத்தால் பிள்ளைகள் 'ஹி இன் தி ப்ளூ ஷர்ட் இஸ் மை பிரதர்' என்று எழுதுகிறார்கள். நீலச் சட்டை போட்டவன் என்று தமிழில் 'அவன்' கடைசியில் ஒட்டியே வருகிறது இல்லையா? ஆங்கிலத்தில் 'ஹி' அந்த வர்ணனையை ஏற்காது, 'தி ஒன் இன் தி ப்ளூ ஷர்ட்' என்று போக வேண்டும். ஆனால் 'தோஸ் இன் தி ஃப்ரண்ட் ரோ' சரி, 'சம்ஒன் ஃப்ரம் மதுரை' சரி. 'தோஸ்' ஏற்கும், 'தே' ஏற்காது. இதற்கு என்ன விதி சொல்வீர்கள்?

கரும்பலகை:
'ஹி', 'தே' ஏற்கெனவே தெரிந்த ஆளைச் சுட்டுகின்றன, மேலும் அடையாளம் தேவையில்லை. 'தோஸ்', 'ஒன்', 'சம்ஒன்' யாரென்று இன்னும் தீராதவை, அதனால் வர்ணனையைக் கேட்கின்றன. இது விதிதான், மனப்பாடம் இல்லை.

காதுவழி:
சரி, இதுவரை உங்கள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஓவர்' பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. எந்த வினை எந்த வகை என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

கரும்பலகை:
நோட்டில் வினையைத் தனியாக எழுத விடுவதில்லை. எப்போதும் 'இட்' சேர்த்தே: 'திங்க் இட் ஓவர்', 'கெட் ஓவர் இட்', 'கிவ் இட் அப்', 'லுக் ஆஃப்டர் இட்'. 'இட்' நிற்கும் இடமே வகையைச் சொல்லிவிடும். விதி தெரிந்தால், பிள்ளை அந்த இடத்தைப் பார்த்து மற்ற வாக்கியங்களைத் தானே கட்டும்.

காதுவழி:
அப்படியானால் 'கெட் இட் ஓவர் வித்' என்பதை எங்கே எழுதுவீர்கள்? 'கெட் ஓவர்' பிரெபொசிஷன் வகை என்றீர்கள். இங்கே 'இட்' நடுவில் வந்துவிட்டது, கடைசியில் இருக்கும் 'வித்'துக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

கரும்பலகை:
தனி வரியில். அது வேறு வினை, பொருளும் வேறு: பிடிக்காத வேலையைச் செய்து முடித்துவிடுவது. கடைசி 'வித்'துக்கு என் விதி காரணம் சொல்லாது, அதை அப்படியே சொல்லிப் பழகத்தான் வேண்டும். 'டர்ன் இட் ஆஃப்' என்பதை நான் அந்த வரியில் வைக்க மாட்டேன்.