ஷூட்டருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேசினோவில் இரண்டு பகடை உருட்டி ஆடும் கிராப்ஸ் டேபிளில், உருட்டுபவருக்கு (ஷூட்டர்) எதிராக டோன்ட் பாஸ் பந்தயம் வைத்து முறைப்பு வாங்கியவர்கள் எல்லாரும் வாருங்கள். நான் பல வருடமாக அந்தப் பக்கம்தான், பெரும்பாலும் லாஸ் வேகாஸில். இதற்காக யாரும் என்னை அடிக்க வந்ததில்லை. ஆனால் பெருமூச்சு, முணுமுணுப்பு, "வந்துட்டாருய்யா" என்கிற மாதிரி ஒரு பார்வை, இதெல்லாம் நிறையப் பார்த்தாயிற்று.

புதியவர்களுக்காக ஆட்டம் பற்றி இரண்டு வரி. ஷூட்டர் முதலில் உருட்டும்போது 7 அல்லது 11 வந்தால் பாஸ் லைன் (ஷூட்டரோடு சேர்ந்து வைக்கும் பந்தயம்) ஜெயிக்கும்; 2, 3, 12 வந்தால் தோற்கும். 4, 5, 6, 8, 9, 10 இதில் எது விழுந்தாலும் அதுதான் பாயின்ட். அப்புறம் ஏழு வருவதற்குள் அந்த எண் மறுபடி விழ வேண்டும். டோன்ட் பாஸ் இதற்குத் தலைகீழ், 12 வந்தால் மட்டும் ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆக, பாயின்ட் விழுந்த பிறகு சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஏழு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் அது வரட்டும் என்று நிற்கிறேன். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சனிக்கிழமை இரவு, நிற்க இடமில்லாத கூட்டம். ஷூட்டர் வெகுநேரமாக உருட்டிக்கொண்டிருந்தார். எல்லா எண்ணிலும் பணம் குவிந்திருந்தது. பாயின்ட் 6. அப்போது விழுந்தது ஏழு. பகடையைக் கோலால் தள்ளிக் கொடுக்கும் ஸ்டிக்மேன் "செவன் அவுட்" என்று சொன்னதும் டீலர்கள் முதலில் தோற்ற பந்தயங்களை வாரி எடுப்பார்கள், ஜெயித்தவனுக்குப் பணம் அப்புறம்தான். அந்த இடைவெளிதான் கொடுமை. பச்சைத் துணி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. என் மூலையில் மட்டும் சில சில்லுகள் மிச்சம். எல்லாக் கண்ணும் அங்கே. டீலர் வந்து பக்கத்தில் சில்லை அடுக்கிய சத்தம் அன்றைக்கு ஊருக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் நின்றவர் "இப்போ சந்தோஷமா?" என்று கேட்டார்.

அதே ஷூட்டர் அதற்கு முன் மூன்று பாயின்ட் அடித்து, மூன்று தடவையும் என் பந்தயத்தைக் காலி பண்ணியிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் நிற்பவன் தோற்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு என்று பார்த்தால், கேசினோவின் சாதகம் பாஸ் லைனில் 1.41 சதவீதம், டோன்ட் பாஸில் 1.36. நூறு டாலருக்கு ஐந்து சென்ட் வித்தியாசம். ஐந்து சென்டுக்காகவா இவ்வளவு பொல்லாப்பு என்று என் நண்பன் கேட்பான். அவன் எனக்கு வைத்திருக்கும் பெயர் சகுனி. (சகுனிக்காவது பகடை சொன்ன பேச்சைக் கேட்டது.)

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

* * *

நான் பாஸ் லைன் ஆள். திட்டாமல் படியுங்கள்.

டோன்ட் பாஸ்காரர் எங்கள் பணத்தை எடுப்பதில்லை, கொடுப்பதும் பிடுங்குவதும் கேசினோதான் என்பது எனக்கும் தெரியும். அவர் எங்கே பணம் வைத்தாலும் பகடைக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகக் கத்தி, ஒன்றாகத் தலையில் கை வைக்கும் ஆட்டம் கேசினோவில் வேறு இல்லை. அதில் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நின்றால் உறுத்தத்தான் செய்யும்.

எனக்கு எரிச்சல் வந்தது ஒரே ஒருவரிடம். இடம் அட்லாண்டிக் சிட்டி. ஏழு என்ற எண்ணை டேபிளில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் இல்லையா, சொல்லியே ஆக வேண்டுமென்றால் "பிக் ரெட்" என்பார்கள். இந்த மனிதர் ஒவ்வொரு உருட்டுக்கும் "செவன், செவன்" என்று சத்தமாகவே ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழு விழுந்ததும் விளிம்புக் கட்டையை ஓங்கித் தட்டிவிட்டு, பறிகொடுத்து நின்ற எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்புக்கு மன்னிப்பே கிடையாது.

அதே ஊரில் இன்னொரு பெரியவர். ஒரு மணி நேரம் எனக்கு அடுத்தே நின்றார். ஷூட்டர் பாயின்ட் அடித்தால் "நல்ல உருட்டு" என்பார். அவரும் எங்களோடுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவன் அவுட் வந்து டீலர் அவருக்குப் பணம் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

பழி விழுவது உங்கள் மேல் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். பகடை பறந்துகொண்டிருக்கும்போது ஒருவர் அவசரமாகக் கையை நீட்டிச் சில்லு வைக்கப் போனார். பகடை கையில் பட்டுத் திரும்பி விழுந்தது, ஏழு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் மொத்த டேபிளும் அவர் மேல் பாய்ந்தது. அவர் வைக்க வந்ததே பாஸ் லைனில்!

* * *

சில காலம் டீலராக இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எந்தப் பக்கம் வைத்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், டோன்ட் பாஸ் ஆட்கள் அநேகமாக விவரமானவர்கள். பகடை வெளியே இருக்கும்போது கையை உள்ளே விடமாட்டார்கள், பணத்தை என் கையில் திணிக்காமல் துணியில் வைப்பார்கள், கடைசி நொடியில் கத்தமாட்டார்கள். பாயின்ட் விழுந்த பிறகு கூடுதலாக வைக்கும் ஆட்ஸிலும் கணக்கு சரியாக இருக்கும். பாயின்ட் 4 அல்லது 10 என்றால் 20 டாலர் ஜெயிக்க 40 வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்காது.

எங்கள் ஆட்களிலும் சிலர் ஒழுங்கில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் மனசுக்கு ஏற்ப நடந்தால் டிப்ஸ் வரும் என்று, டோன்ட் வைத்தவரை ஸ்டிக்மேனே கிண்டல் பண்ணுவார். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒருவர் பேசியதை, டேபிளை மேற்பார்க்கும் பாக்ஸ்மேன் அங்கேயே நிறுத்தினார். "லேஅவுட்டில் அச்சடித்திருக்கிற பந்தயம் அது" என்று ஒரே வரி. (லேஅவுட் என்பது பந்தயக் கட்டங்கள் போட்ட அந்தத் துணி.)

என் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம். கூச்ச சுபாவமுள்ள ஒரு இளைஞர் டோன்ட் பாஸில் 25 டாலர் வைத்திருந்தார். பாயின்ட் 4. ஷூட்டரோடு வந்திருந்த பெண் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "இப்படியும் ஆடுவாங்களா" என்றார். இளைஞர் தன் பந்தயத்தை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் கை காட்டினார்.

பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைன் பணத்தை எடுக்க முடியாது, டோன்ட் பாஸை எடுக்கலாம். கேசினோ ஏன் அதற்குத் தாராளமாக அனுமதிக்கிறது? அந்த நேரத்தில் சாதகம் டோன்ட் பக்கம் போய்விடுகிறது. நாலு விழ மூன்று வழி, ஏழு விழ ஆறு வழி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு அந்த இளைஞர் கையில். முதல் உருட்டின் ஆபத்தைத் தாண்டி வந்துவிட்டு, நல்ல இடத்தில் இருக்கும் பணத்தை ஒரு முகச்சுளிப்புக்காகத் திருப்பி எடுக்கிறார். "நிச்சயமாகவா?" என்று ஒரு தரம் கேட்டேன். அதற்கு மேல் நான் பேச முடியாது. எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து உருட்டு கழித்து ஏழு. அந்தப் பெண்ணின் பணமும் போயிற்று, இவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சும்மா நின்றார்கள்.

இந்த எதிர்ப்பந்தயத்தை லேஅவுட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று ஜான் வின் பெயரைச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பகடை செய்து விற்றவர். இரண்டு பக்கமும் பந்தயம் வைக்க முடிந்தால், ஒருபக்கமாக விழும் கள்ளப் பகடையால் ஆடுபவர்களை ஏமாற்ற முடியாது என்பது யோசனை. ஆட்டத்தை நேர்மையாக்க வந்த பந்தயத்தைத்தான் இன்றைக்குத் துரோகம் மாதிரி பார்க்கிறார்கள்.

* * *

நான் பபிள் கிராப்ஸுக்கு மாறிவிட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் பகடை தானாகக் குதிக்கும், ஆளுக்கொரு திரை, நான் எதில் வைக்கிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏழு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் மெஷினைத் திட்டுவார். நிம்மதி.

இன்னொரு விஷயம். கிராப்லெஸ் கிராப்ஸ் என்று இன்னொரு வகை உண்டு, அந்த டேபிளில் போய் டோன்ட் பாஸ் எங்கே என்று தேடாதீர்கள், அதில் கிடையவே கிடையாது.

* * *

நீங்கள் எல்லாரும் அடுத்தவர் உருட்டும்போது எதிராக வைத்தவர்கள். நான் எனக்கே எதிராக வைத்தவள்.

ஷூட்டர் பாஸ் அல்லது டோன்ட் பாஸ் ஏதாவது ஒன்றில் பணம் வைத்தாக வேண்டும், எதில் என்பது அவர் இஷ்டம். பகடை சுற்றி என்னிடம் வந்தது. நான் வழக்கம்போல டோன்ட் பாஸில் 15 டாலர் வைத்துவிட்டுப் பகடையை எடுத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு ஐயா நான் வைத்த இடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தன் பந்தயங்களை "ஆஃப்" (இப்போதைக்குக் கணக்கில் சேராது) என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தன்னையே நம்பாதவளை நான் ஏன் நம்ப வேண்டும் என்கிற தோரணை.

அன்றைக்குப் பார்த்து எனக்கு ஏழு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எட்டு, ஆறு, ஒன்பது, மறுபடி எட்டு. பாயின்ட் மேல் பாயின்ட். ஒவ்வொரு பாயின்டுக்கும் டேபிள் முழுக்கப் பணம், எனக்கு மட்டும் நஷ்டம். முதலில் முறைத்தவர்கள் கொஞ்ச நேரத்தில் என் பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் என் பந்தயத்தைக் காட்டி, "தயவுசெய்து அதை மாத்தாதீங்க, அதுதான் ராசி" என்றார். இவ்வளவு பிரியமாக யாரும் என்னைத் தோற்கச் சொன்னதில்லை. கையைக் கட்டிய ஐயா கடைசிவரை கட்டிய கையோடு நின்று அத்தனையும் கோட்டைவிட்டார்.

இப்போதெல்லாம் பகடை என்னிடம் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறேன். தாராளமாக அப்படிச் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

* * *

மேலே அந்தச் சகோதரி சொன்ன மாதிரி ஏழு விழாமல் உருட்டிக்கொண்டே போகும் சூடான கைக்கு எதிரே டோன்ட் ஆள் என்ன செய்வது? 2009 மே மாதம் அட்லாண்டிக் சிட்டி போர்கேட்டா கேசினோவில் ஒரு பெண் 154 தடவை உருட்டினார், 4 மணி 18 நிமிடம். சராசரி ஷூட்டருக்கு எட்டரை உருட்டுதான். அன்று அந்த டேபிளில் டோன்ட் பாஸ் வைத்து யாராவது நின்றிருந்தால் நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

என் வழக்கம், ஒரே ஷூட்டர் இரண்டு பாயின்ட் அடித்தால் அவர் கை முடியும்வரை நான் வைப்பதில்லை. இதில் கணக்கு ஒன்றும் இல்லை, பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் நிறுத்தியதும் டேபிளில் இறுக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஷூட்டரே, "சார் பயந்துட்டாரு" என்று சிரித்துக்கொண்டே எனக்கு ஹை ஃபைவ் கொடுத்தார்.

அந்த ஐந்து சென்ட் கேள்விக்கு என் பதில்: யாரும் அதற்காக இந்தப் பக்கம் வருவதில்லை. முதல் உருட்டில் எட்டு வழி தோல்வி, மூன்று வழி ஜெயிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாயின்ட் விழுந்துவிட்டால் அப்புறம் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம். பாஸ் ஆட்களுக்கு ஆரம்பத்தில் சுகம், பிறகு திகில். எனக்குப் பின்பாதி சுகம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

* * *

டீலர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. டீலர்களுக்காக ஒரு சில்லு வைக்க வேண்டுமென்றால் டோன்ட் பாஸிலேயே வைக்கலாமா, அல்லது அது அநாகரிகமா?

* * *

தாராளமாக வைக்கலாம். ஜெயித்தால் அது எங்களுக்குக் காசு. ஆனால் முதல் உருட்டில் 7, 11க்குப் பறிபோக வாய்ப்பு அதிகம். பலர் செய்வது, ஆட்டம் முடித்துக் கிளம்பும்போது சில்லை நேரே கொடுத்துவிடுவது. அதைவிட முக்கியம், கிளம்பும்போது சில்லை மாற்றித் தரச் சொல்கிறீர்களே, அதை செவன் அவுட் முடிந்து பந்தயம் எல்லாம் தீர்ந்தபின் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் அடுத்து விழும் ஏழுக்கு உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள், நீங்கள் எந்தப் பக்கம் வைத்திருந்தாலும்.