‘3:10 டு யூமா’: 1957இன் மழையா, 2007இன் மரணமா?

கேள்வி:
டெல்மர் டேவ்ஸ் 1957இல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தையும், ஜேம்ஸ் மேங்கோல்டு 2007இல் எடுத்த மறு ஆக்கத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். பழையதில்தான் மனம் நிற்கிறது. ஓட்டல் அறையில் கட்டிலில் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமலே பணத்தாசை காட்டுகிறார், பிடிபட்ட கொள்ளைக்காரனாக வரும் க்ளென் ஃபோர்டு. எதிரே துப்பாக்கியோடு வியர்த்து உட்கார்ந்திருக்கிறார் வான் ஹெஃப்லின். வறட்சியில் நொடித்த விவசாயி, கொள்ளைக்காரனை யூமா சிறைக்குப் போகும் 3:10 மணி ரயிலில் ஏற்றிவிட 200 டாலருக்காக வந்தவர். அந்த வியர்வை போதும் எனக்கு. புதியதில் ஏன் இத்தனை துப்பாக்கிச் சண்டை?

பதில் 1:
சண்டை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியதில் விவசாயியாக வரும் கிறிஸ்டியன் பேலின் கால்? போரில் தன் படையினரின் குண்டே பாய்ந்து காலை இழந்ததைக் கொள்ளைக்காரனான ரஸ்ஸல் குரோவிடம் அவர் சொல்லும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். மகனிடம் சொல்லப் பெருமையான கதை ஒன்றுகூட இல்லாத தகப்பன் அவர். பழைய படத்தில் அந்த மகன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். இதில் கூடவே வந்து எல்லாவற்றையும் பார்க்கிறான்.

பதில் 2:
முடிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! பழையதில் இருவரும் ரயிலில் தாவி ஏறுகிறார்கள், மழை கொட்டுகிறது, விவசாயியின் மனைவி நனைந்தபடி நிற்கிறாள். புதியதில் விவசாயி சுடப்பட்டுச் சாகிறார்.

கேட்டவர்:
மகனைப் பற்றிச் சொன்னது சரி, அதை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் அந்த மழையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.