ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஏறியபின் நிற்க மறுக்கிறது: எப்படிப் பழக்குவது?

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற ஏழு வயதுத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) குதிரையொன்றைக் கடந்த குளிர்காலத்தில் வாங்கினோம். காயடிக்கப்பட்டது, சம்மர்வெல்ட் பந்தயப் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றது. பதினாறு வயதான என் மகள்தான் அதில் ஏறுகிறாள். நடையிலும் துள்ளோட்டத்திலும் அதைக் குறை சொல்ல முடியாது. கரும்புத் தோட்டத்து மண்பாதையில் டிராக்டர் எதிரே வந்தாலும் மிரளுவதில்லை. நிற்கச் சொன்னால்தான் தொல்லை தொடங்குகிறது. கடிவாளத்தைப் பிடித்தால் தலையை மேலே வீசுகிறது, பின்பக்கத்தை இடமும் வலமுமாக ஆட்டுகிறது, முன்காலால் தரையைத் தோண்டுகிறது. பிடியை இன்னும் இறுக்கினால் பின்னோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறது. அங்கவடியில் கால் வைத்தவுடனேயே புறப்பட்டுவிடுவதால், மகள் ஏறும்போதெல்லாம் நான் தலைப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடுமையான வாயிரும்பை மாட்டிப் பாருங்கள் என்று லாயத்தில் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு நிமிடமாவது அமைதியாக நிற்க இதைப் பழக்க முடியுமா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து)

அண்ணா, கடுமையான வாயிரும்பு வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது சரிதான். உங்கள் குதிரை அடம் பிடிக்கவில்லை. முதுகில் ஆளோடு சும்மா நிற்பது என்ற பாடம் அதற்கு வந்ததே இல்லை. கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை பந்தயத்தைப் பார்த்திருந்தால் நினைவுபடுத்திப் பாருங்கள்: ஓட்டத்துக்கு முன் வளையத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கிச் சேணத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அவர் அமர்ந்த பிறகும் நடை தொடர்கிறது. அங்கிருந்து ஓட்டமாகப் புறப்படும் இடத்துக்குப் போகிறார்கள். அது கட்டாயமாக நிற்க வேண்டியது புறப்பாட்டுக் கூண்டில்தான், அங்கேயோ கதவு திறந்த கணமே பாய்ந்தாக வேண்டும். இரண்டு வயதிலிருந்து இப்படிப் பழகிய உயிருக்கு, நிற்பது என்பதே பாய்ச்சலுக்கான முன்னறிவிப்பு. அதோடு பந்தயக் குதிரை கடிவாளத்தின் இறுக்கத்தின்மேல் சாய்ந்து ஓடப் பழகியது. உங்கள் மகள் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடிக்கும்போது, அது ஓடுவதற்கான தயாரிப்பு என்றே அதற்குப் படும்.

ஆகவே பிடித்து நிறுத்தும் முயற்சியைக் கைவிட்டு, நின்ற கணத்தில் விட்டுக்கொடுப்பதைப் பழகுங்கள். நடையில் செல்லும்போது மகள் மூச்சை மெதுவாக வெளியே விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, குதிரையின் அசைவோடு தன் இடுப்பு அசைவதை நிறுத்தட்டும். தொடைகள் இலேசாக நெருங்கினால் போதும், கணுக்கால் விலாவை அழுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மட்டும் விரல்களை மூடட்டும். நான்கு கால்களும் நின்றவுடன் கை முன்னே சென்று கடிவாளம் தளர வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது இந்தத் தளர்விலிருந்துதான். தளர்வு ஒரு விநாடி தாமதமானாலும், அதற்குள் அது தலையை வீசியிருந்தால், வீசியதற்குக் கிடைத்த பரிசாகவே எடுத்துக்கொள்ளும்.

ஒரு நிமிடம் என்ற இலக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிரெசாஜ் என்ற குதிரை நடைப் போட்டியின் சர்வதேச விதிகளே குறைந்தது 3 விநாடி அசையாமல் நின்றால் போதும் என்கின்றன. குதிரையின் அமைதி கலையும் முன்பே, மகள் தானாகக் கால் கொடுத்து நடக்கச் சொல்லட்டும். புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பவள் அவள் என்பது இதனால்தான் பதியும். சொல்லாமல் நகர்ந்தால் இழுக்க வேண்டாம், கோபமும் வேண்டாம். ஒரு பக்கக் கடிவாளத்தால் சிறு வட்டத்துக்குத் திருப்பி, பின்னங்கால்கள் குறுக்கே எடுத்து வைக்கும்படி வேலை கொடுத்து, அதே இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் நிற்க வாய்ப்புக் கொடுங்கள். நகர்ந்தால் வேலை, நின்றால் ஓய்வு என்று அதுவே கண்டுகொள்ளும். இதை ஏறிய உடனே தொடங்காமல், உடல் சூடேறி மூச்சு வாங்கிய பிறகு, பயிற்சியின் கடைசிப் பகுதியில் செய்யுங்கள்.

மறுமொழி (ஷாங்வேனிக்கு அருகிலிருந்து)

தம்பி, பந்தய லாயங்களில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாடம் தொடங்கும் முன் உடம்பைப் பாருங்கள். பந்தயப் பயிற்சியில் இருந்த குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகவும் சாதாரணம். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடைவிடாமல் அமிலம் சுரக்கும். வெறும் வயிற்றோடு ஓடினால் அந்த அமிலம் பாதுகாப்பற்ற மேல்பகுதியில் தெறிக்கும். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது அது காதை மடக்கிக் கடிக்க வருகிறதா, தீவனத்தைப் பாதியில் விட்டுவிடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் மருத்துவர் உட்குழாய்க் கருவியால் பார்த்து அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மருந்தைத் தரக்கூடும். எப்படியிருந்தாலும், சேணம் கட்டுவதற்கு முன் இரண்டு கைப்பிடி லூசர்ன் (குதிரைமசால் தீவனம்) கொடுங்கள். அதிலுள்ள கால்சியம் அமிலத்தைத் தணிக்கும். பந்தயக் காலத்துத் தானியத் தீவனம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் அதைக் குறைத்து எரக்ரோஸ்டிஸ் என்ற உலர்புல்லைத் தாராளமாகப் போடுங்கள், பகலில் மேய்ச்சலில் திறந்துவிடுங்கள். லாயத்தில் அடைபட்டுக் கிடந்து தானியம் தின்ற குதிரையை நிற்கச் சொல்வது அநியாயம். சேணமும் கேள்விக்குரியதே: பயிற்சிக் காலத்துத் தசை கரைந்து முதுகின் வடிவம் மாறும்போது, முன்பு பொருந்திய சேணம் தோள்பட்டைக்குப் பின்னால் கிள்ளத் தொடங்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கும் குதிரையைச் சிறு வட்டத்தில் சுற்றினால் சில நேரங்களில் படபடப்புதான் கூடும். அத்தகைய குதிரையை அகன்ற வட்டத்தில் தளர்ந்த கடிவாளத்தோடு நடக்கவிட்டு, தலை தானாகத் தாழ்ந்த பிறகு நிற்கச் சொல்வதே என் வழக்கம்.

கேள்வி கேட்டவர்

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. பட்டையை இறுக்கும்போது அது காதை மடக்குவது உண்மைதான். மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். நின்றவுடன் சேணத்திலிருந்தபடியே கேரட் துண்டு கொடுக்கலாமா? தோட்டத்துப் பாதை ஆர் 102 சாலையைக் கடக்கும் இடத்தில் என்ன செய்வது?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து)

ஐயா சொல்வது நியாயம், மிகவும் பதறும் குதிரைக்கு அவருடைய முறையே பொருந்தும்; உங்கள் குதிரை இரண்டில் எது என்பது அதன் மூச்சையும் கழுத்தையும் பார்த்தாலே தெரிந்துவிடும். கேரட் கொடுக்கலாம், ஆனால் கழுத்து நேராகவும் கால்கள் அசையாமலும் இருக்கும்போது மட்டும். தானாகத் தலையைத் திருப்பிக் காலணியை முகரும்போது கொடுத்தால், நிற்கும் நேரமெல்லாம் திரும்பித் திரும்பிக் கேட்கும் இன்னொரு பழக்கம் வந்துவிடும்.

ஏறுவதைத் தனிப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுமேடையின் பக்கத்தில் குதிரையை நிறுத்தி, மகள் மேடையில் ஏறி இறங்குவது, சேணத்தைத் தட்டுவது, அங்கவடியில் பாதி எடை வைத்து உடனே இறங்குவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அது நின்ற பிறகே அடுத்ததற்குப் போகட்டும். உட்கார்ந்த பின்னும் உடனே புறப்படக் கூடாது. அங்கவடியைச் சரிசெய்து, பட்டையைப் பார்த்து, கழுத்தைத் தடவிவிட்டுப் பிறகு நடக்கட்டும். நீங்கள் தலைப்பக்கம் பிடிப்பதை நாளடைவில் குறைத்து, வெறுமனே அருகில் நிற்பவராக மாறிவிடுங்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தைப் பயிற்சிக் களமாக்க வேண்டாம். திடலில் பழகியது உறுதியாகும்வரை, சாலைக்கு வெகு முன்பே அவள் இறங்கி, கடிவாளத்தைத் தலைக்கு மேலாக முன்னே எடுத்துப் பிடித்து நடத்திக் கடக்கட்டும். மறுபக்கம் திரும்ப ஏறுவதற்கு மேடான இடம் ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.