எரிச்சலில் இருந்த நாளில் யாருக்காவது உதவியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூறல்:
போன மாதம் நடந்தது, இன்னும் மனதிலிருந்து இறங்கவில்லை. காலையிலேயே மேலாளர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன், கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலிக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் படிவம். கை நடுங்கியதால் பேனா தாளில் பட்டபோதெல்லாம் ஒரு புள்ளி விழுந்ததே தவிர எழுத்து வரவில்லை. பெயர் எழுதும் கட்டத்தில் மட்டும் ஏழெட்டுப் புள்ளிகள். "கொடுங்க ஐயா, நான் எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்ட, அவர் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அத விட்டுடுங்க தம்பி" என்றார்.

அவர் உள்ளே போன பிறகுதான் கவனித்தேன், என் தாடை தளர்ந்திருந்தது. நடுவில் நான்கு அழைப்புகள் வந்திருக்கின்றன, எனக்குத் தெரியவே இல்லை. அன்று சாயங்காலம் மேலாளரிடம் சாதாரணமாகப் பேச முடிந்தது. ஆனால் அந்தக் கட்டம் காலியாகவே போனது, எனக்கு மட்டும் பாரம் இறங்கியது. என் படபடப்பிலிருந்து தப்பிக்கத்தான் அவருக்கு உதவினேனா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி:
தப்பிப்பதற்காகச் செய்திருந்தாலும் படிவம் நிரம்பியது, இல்லையா? அதை விடுங்கள். நான் உதவியை வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு வாடிக்கையாளர் சேவை வேலை, தலையில் மாட்டிய ஒலிவாங்கியோடு இரவு முழுக்க. திட்டுபவர்களுக்கு நம் முகம் தெரியாது, அதனால் கணக்கே கிடையாது. ஒரு நாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்மணி அழைத்தார். அவருடைய இணைப்பு மூன்று நாளாக வேலை செய்யவில்லை, கத்த எல்லா நியாயமும் உண்டு. நான் வழக்கமான மன்னிப்பு வாசகத்தை ஒப்பிக்க ஆரம்பித்ததும் இடைமறித்து, "இது உங்களுக்கு இன்னிக்கு எத்தனாவது கால்ப்பா?" என்றார்.

திரையில் பார்த்தேன், நாற்பத்தேழு. சொன்னேன். "சரி, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். குடித்தேன். அவர் நிஜமாகவே காத்திருந்தார், பின்னால் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தெட்டாவது அழைப்பில் வந்தவர் எடுத்ததுமே திட்டினார். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை, குரலைத் தாழ்த்தி அவரிடம் மெதுவாகப் பேசினேன்.

அம்மாவின்மகள்:
எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடம் அன்பாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் மனம் லேசாகும். என் அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அன்பே வேலை, அதுவே அழுத்தம். அன்பு காட்டினால் பாரம் குறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

ஒரு ராத்திரி மூன்றாவது முறையாக எழுப்பினார். மாத்திரை டப்பாவைக் கட்டிலில் வீசிவிட்டு, "நீயே எடுத்துப் போட்டுக்கோ" என்று கத்திவிட்டேன். மூடி திறந்து எல்லாம் போர்வையில் சிதறியது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அம்மா அசையும் அந்த ஒரு கையால் ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கி, வெள்ளையைத் தனியாக, மஞ்சளைத் தனியாக, அந்தந்த அறையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நாளைக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா தானாகவே வந்து, "ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்றார். தூங்கினேன். என் பாரத்தைக் குறைத்தது அந்தத் தூக்கம்தான்.

படிப்பவன்:
தோழி, உங்கள் நிலைமை புரிகிறது, ஆனாலும் அன்பால் பயனில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் கதை சின்னது. பதவி உயர்வு கிடைக்காத அன்று, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளோடு போராடிக்கொண்டிருந்தான், நின்று எடுத்துக் கொடுத்தேன், அன்று தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.

இதைப் பற்றி 2016ல் எமிலி ஆன்செல் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 77 பேர், 14 நாள். தினமும் மாலையில், இன்று என்ன நெருக்கடி வந்தது, யாருக்கு என்ன உதவி செய்தீர்கள், மனநிலை எப்படி என்று கேட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுகூட உதவிக் கணக்கில்தான் வந்தது. வழக்கத்தைவிட அதிகம் உதவிய நாட்களில், அன்றைய நெருக்கடி அவர்கள் மனநிலையை அந்த அளவுக்குக் குலைக்கவில்லை. உதவியதால்தான் அப்படி என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, தெம்பாக இருந்த நாளில் உதவத் தோன்றியும் இருக்கலாம். ஆனால் தூறல் சொன்ன தாடை விஷயம் எனக்கு இதோடு பொருந்துகிறது. பதற்றத்தில் மனம் ஒரே இடத்தில் சுற்றும், இன்னொருவரின் படிவத்தைப் படிக்கும்போது அந்தச் சுற்று அறுகிறது.

அப்புறம் தோழி, உங்களுக்கு. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003லிருந்து எழுதிவருவது தன்மேல் காட்டும் பரிவைப் பற்றி. அதே தவறை உங்கள் தோழி செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ அதை உங்களிடமே சொல்லிக்கொள்ளுங்கள். ராத்திரி எழுந்ததும் மூச்சை இழுப்பதைவிட நீளமாக விட்டுப் பாருங்கள், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம், இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். முறை வைத்து ஆள் மாற்றுங்கள். உறவினர்களிடம் 'ஏதாவது உதவி' என்று கேட்காமல் 'செவ்வாய் நான்கிலிருந்து ஆறு' என்று கேளுங்கள். ஒரு குறிப்பேடு வைத்து...

இரவுப்பணி:
சகோ, அவங்க யோசனை எதுவும் கேட்கவில்லையே. அம்மா மாத்திரை பொறுக்கினதைச் சொன்னாங்க. அதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும் என்று எனக்குப் படுகிறது.

படிப்பவன்:
சரிதான். படித்ததும் மனது கஷ்டப்பட்டது, எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன். மன்னியுங்கள் தோழி. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

அம்மாவின்மகள்:
மன்னிப்பெல்லாம் வேண்டாம். அப்படியேதான் இருக்கிறார், தூக்கம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் சொன்னதில் மணி கணக்கு வைத்துக் கேட்பது மட்டும் மனதில் நின்றது. அக்கா தானாக வந்த அன்றைக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை, அவருக்கும் வீட்டில் ஆயிரம் வேலை. நேற்று போய், "வியாழக்கிழமை மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் இருக்க முடியுமாக்கா?" என்றேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு இத்தனை நாளா?" என்று கேட்டார்.