ஃபியூஸ்: உருகியா, உருகிழையா, காப்பிழையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சுற்றுப் பாதுகாப்பு பற்றிய பாடநூல் இயலொன்றை நாளை மறுநாள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் உருகி என்றும், படவிளக்கத்தில் உருகிழை என்றும், பயிற்சி வினாவில் ஃபியூஸ் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கம்பி மாற்றும் பழைய வகை, மணல் நிரப்பிய வகை, தாமதமாக அறும் வகை, தானே மீளும் வகை ஆகிய நான்குக்கும் அதே வேரிலிருந்து பெயர் கிடைத்தால் இன்னும் நன்று.

> ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

உருகிழையைத் தேருங்கள். உருகி என்பது வினையெச்சமாகவும் நிற்பதால், "மிகை மின்னோட்டத்தால் உருகி உருகி அறுந்தது" என்று எழுத நேரும். படிப்பவர் அதை அடுக்குத்தொடர் என்றே கொள்வார். உருகிழையோ வினைத்தொகை. உருகிய இழை, உருகுகின்ற இழை, உருகும் இழை என முக்காலமும் அதனுள் அடங்குவதால், பொருத்தும்போதும் அறும்போதும் அறுந்தபின் கழற்றும்போதும் அப்பெயர் பொருந்தும். ஆங்கிலத்தில் இந்தத் தெளிவு இல்லை: வெடித்திரியைக் குறிக்கும் சொல் நூல் நூற்கும் கதிருக்கான இலத்தீன் சொல்லிலிருந்தும், மின்சாரத்துக்குரிய சொல் உருகுதலைக் குறிக்கும் வினையிலிருந்தும் வந்து ஒரே வடிவில் நிற்கின்றன. நமக்குத் திரி வேறு, உருகிழை வேறு. முன்பு ஒருவர் முன்மொழிந்த காப்பிழையை ஏற்க இயலாது. காப்பு, இழை என்று பிரிக்குமுன்னரே "காப்பில் பிழை" என்று படித்துவிடுவார்கள்.

ஐயாவின் இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால், மின்னியல் வகுப்பெடுக்கும் எனக்கு இழை என்னும் சொல்தான் இடறுகிறது. உயர் துண்டிப்புத் திறன் கொண்ட, அதாவது மணல் நிரப்பிய வகையை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இழையன்று. ஆங்காங்கே குறுக்கப்பட்ட வெள்ளி அல்லது செப்புத் தகடு, சுற்றிலும் குவார்ட்ஸ் மணல், வெளியே பீங்கான் உறை. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், மின்தடை மிகுந்த அக்குறுகிய இடமே முதலில் உருகுகிறது. உருகியவுடன் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை; இடைவெளியில் மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் சுடர், எழுந்து அதைத் தொடர்ந்து கடத்துகிறது. மணல் அந்த வெப்பத்தை உறிஞ்சித் தானும் உருகிக் கண்ணாடி போல இறுகும்போதுதான் வில் அணைகிறது. வெறுங்கம்பிக்கு இந்தத் துணை இல்லாததால் பெரிய குறுக்குச்சுற்றில் (ஷார்ட் சர்க்யூட்) அதை நம்ப முடியாது.

இன்னொன்று: வெள்ளி 962 பாகை செல்சியசிலும் செம்பு 1085 பாகையிலும் உருகுவதால், சிறிய மிகைச்சுமை நெடுநேரம் நீடித்தால் உறை முழுதும் கொதிக்கும். ஆகவே தகட்டின் மேல் 232 பாகையில் உருகும் வெள்ளீயப் பொட்டு ஒன்றை வைப்பார்கள்; அது உருகித் தகட்டைக் கரைத்துவிடும். அங்கே நடப்பது உருகலா, கரைதலா என்று இங்கே யாரேனும் கேட்பதற்குள் முடித்துவிடுகிறேன்: கருவி முழுமைக்கும் உருகி, உள்ளுறுப்புக்கு உருகுறுப்பு. தொடக்க மின்னோட்டம் பன்மடங்காக உள்ள மோட்டாருக்குத் தாமத உருகி, குறைகடத்திகளுக்கு விரைவுருகி. தாமத வகைக்கு மெல்லுருகி வேண்டாம், மெல்லியது என்று பொருள்படும். தானே மீளும் வகையில் எதுவும் உருகுவதில்லை. கரித்துகள் கலந்த பலபடி (பாலிமர்) சூடேறி விரிய, துகள்களின் தொடர்பு அறுந்து மின்தடை பன்மடங்காகிறது; அப்போதும் சிறிது மின்னோட்டம் கசிகிறது. அதை மீள்தடை என்பதே நேர்மை.

> எதுவும் உருகுவதில்லை.

உருகுகிறது. பலபடியின் படிகப் பகுதிகள் உருகுவதால்தான் அது அவ்வளவு விரிகிறது; ஆறியபின் மீண்டும் படிகமாகிறது. மீளுருகி என்பதில் பிழையில்லை. உருகிழையை நான் இன்னும் கைவிடவில்லை.

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் விருப்பப்படி உருகி என்றே வைத்து, இடறிய வாக்கியத்தை "உருகியின் உறுப்பு இளகி அறுந்தது" என்று மாற்றிவிட்டேன். உருகிழை, கம்பி மாற்றும் வகையின் கம்பிக்கு மட்டும் நிற்கிறது. நான்காம் வகைக்கு மீளுருகி, மீள்தடை இரண்டுக்கும் சம ஆதரவு என்பதால், "தானே மீளும் காப்புறுப்பு" என்று விளக்கமாகவே எழுதினேன். அதில் ஒருவருக்கும் நிறைவில்லை, எனக்கும்தான்.