பெங்களூரில் ஒரு பகல்: லால்பாக்குக்குப் பிறகு எங்கே போகலாம்?

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சேலத்திலிருந்து பெங்களூர் வருகிறோம். முழங்கால் வலியுள்ள அம்மா, ஓரிடத்தில் நிற்காத ஒன்பது வயதுப் பையன், நான். காலையில் பஸ், ரயில் நிலையங்கள் இருக்கிற மெஜஸ்டிக்கில் இறங்கினால் ராத்திரி ரயில் வரை நேரம் இருக்கிறது. தயவுசெய்து மால் சொல்லாதீர்கள்.

லால்பாக் தாவரவியல் பூங்கா முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு 1889இல் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்க்க வேண்டும். பையனுக்குக் கெம்பேகௌடா கோபுரம் நிற்கிற பாறை. அதற்கு சுமார் 300 கோடி வயசு என்று சொன்னதிலிருந்து, "டைனோசரை விடப் பழசா?" என்று உயிரை எடுக்கிறான். அவன் ஏறட்டும், அதுவரை அம்மா உட்கார பக்கத்தில் நிழல் இருக்குமா? கண்ணாடி மாளிகைக்குக் குறைவாக நடக்க எந்த வாசலில் இறங்க வேண்டும்? பேட்டரி வண்டி சனிக்கிழமை கூட்டத்தில் கிடைக்குமா?

மத்தியானத்துக்கு மேல்தான் குழப்பம். கஸ்தூரிபா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் போனால் பையன் இயந்திரங்களோடு ஐக்கியமாகிவிடுவான், பக்கத்திலேயே கப்பன் பார்க். எனக்கோ கே.ஆர். மார்க்கெட் அருகே திப்புவின் கோடைக்கால அரண்மனை, அந்தத் தேக்குத் தூண்களுக்காகவே. இரண்டும் ஒரே மாலையில் முடியுமா? அம்மாவை வைத்துக்கொண்டு போனவர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், எம்.டி.ஆர். ஹோட்டலில் சாப்பிட சனிக்கிழமை மதியம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வரும்?